பால்ரஸ் குண்டும் ஹார்ட் டிஸ்க்கும்

சைக்கிள் கடையில் ஒரே சைஸ் பால்ரஸ் குண்டுகள் ஐம்பது வாங்கிக்கொள்ளுங்கள். ஜியோமெட்ரி பாக்ஸ் மூடியில் கொட்டி, லேசாகச் சாய்த்துத் தட்டுங்கள். ஒரு குண்டைச் சுற்றி ஆறு என்ற கணக்கில் அவை தாமாகவே வரிசை கட்டிவிடும். நீங்கள் ஒன்றைக்கூடக் கையால் அடுக்கவில்லை! இப்போது வேறு வேறு சைஸில் பத்து குண்டுகளைக் கலந்து தட்டுங்கள். வரிசை குலைந்துவிடும். (வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் விளையாட்டு முடிந்ததும் குண்டுகளை எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள்.)

நானோ துகள்களும் இப்படித்தான். 4 நானோமீட்டர் துகள்களை ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய 20,000 அடுக்கலாம். அவ்வளவு சிறியதை எந்த இடுக்கியால் எடுத்து வைப்பது? அதனால் துகள்களையே அடுக்கிக்கொள்ள விடுகிறார்கள். முதலில் ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எண்ணெய்ச் சட்டை. பெரும்பாலும் ஓலீக் ஆசிட். நம் கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் அதே பொருள்தான். இந்தச் சட்டை இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு கரைப்பானில் கலந்து ஒரு சொட்டு விட்டு, மெதுவாக உலர விடுவார்கள். கரைப்பான் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி, பள்ளம் பார்த்து உட்காரும். காந்திபுரம் பழக்கடையில் மூன்று ஆரஞ்சுக்கு நடுவே நான்காவது உட்காருகிறதே, அதே மாதிரி. அவசரப்பட்டு உலர்த்தினால் ஒழுங்கு வராது.

உப்புக்கல்லில் அணுக்கள் அடுக்கப்பட்டிருப்பது போல, இங்கே துகள்களே அடுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு சூப்பர்லாட்டிஸ் என்று பெயர். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் சுமார் 4 நானோமீட்டர் வெள்ளித் துகள்கள் இப்படிப் படிகமாவதை ஆராய்ந்து 2000-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஹார்ட் டிஸ்க் தட்டின் மேல் காந்தப் பொடி போன்ற நுண்மணிகள் உண்டு. உங்கள் போட்டோவின் ஒவ்வொரு பிட்டும் அவற்றில் சிலவற்றின் காந்தத் திசைதான். நிறைய பதிய வேண்டும் என்றால் மணிகள் சிறியதாக வேண்டும். ரொம்பச் சிறியதானால் அறையின் வெப்பமே திசையைப் புரட்டிவிடும், தகவல் போச்சு. அந்தச் சைஸிலும் திசை மாறாமல் நிற்கக்கூடியது இரும்பு-பிளாட்டினம் கலவை.

2000-ம் ஆண்டு மார்ச்சில் ஐபிஎம் ஆய்வாளர்கள் இந்தக் கலவையில் துகள்கள் செய்து, ஒழுங்காக அடுக்கிக் காட்டினார்கள். சைஸ் வித்தியாசம் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு துகளுக்கு ஒரு பிட் என்று பதியலாம் எனப் பலரும் கனவு கண்டார்கள். ஆனால் காந்த பலம் வர, துகள்களை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட வேண்டியிருந்தது. சூடு கூடினால் எண்ணெய்ச் சட்டை கருகி, துகள்கள் ஒட்டிக்கொண்டன. அடுக்கியது வீணாயிற்று.

கலவை மட்டும் கைவிடப்படவில்லை. 2024-ல் சீகேட் அறிவித்த 30 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது இரும்பு-பிளாட்டினம்தான். ஆனால் அது சொட்டு விட்டு உலர்த்தியது அல்ல. வெற்றிடத்தில் படலமாகப் படிய வைத்தது. எழுதும்போது அந்தப் புள்ளியை மட்டும் லேசர் ஒரு கணம் சூடாக்குகிறது. டேட்டா சென்டர்களுக்கான சரக்கு இது. உங்கள் வீட்டுக்கு 1 டெராபைட் தாராளம்.