பியர்ப் பலகையில் முதலில் பார்க்க வேண்டிய எண்

லண்டன் பெர்மண்ட்சியில் ரயில் பாதையின் வளைவுகளுக்குக் கீழே சிறு பியர் தயாரிப்பாளர்கள் வரிசையாகக் கடை வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து குடிக்கலாம், போத்தலாக வீட்டுக்கும் வாங்கிப் போகலாம். பிரிட்டனின் மற்ற நகரங்களிலும் இப்படியான கிராஃப்ட் பியர் பார்கள் இருக்கின்றன. சுவர்ப் பலகையில் பியரின் பெயர், விலை, மதுச் சதவீதம் மூன்றும் எழுதியிருக்கும். புதிதாகப் போகிறவர் பெயரையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார். சதவீதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாதாரண லாகர் 4% என்றால், அதே பலகையில் டபுள் ஐபிஏ 8%, இம்பீரியல் ஸ்டவுட் 10% அல்லது அதற்கும் மேல். மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது யூனிட். 568 மி.லி. பைண்ட் 4% என்றால் 2.3 யூனிட். 8% உள்ள 440 மி.லி. கேன் 3.5. பெரிய 750 மி.லி. போத்தல் 10% என்றால் 7.5. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்று பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் அறிவுறுத்தினார்கள். அந்த ஒரு போத்தலிலேயே அதில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. பழமும் சாக்லேட்டும் சேர்த்த பியரில் இந்த வலிமை நாக்குக்குத் தெரிவதில்லை.

எனக்குப் பெரிய கவலை மறுநாள் காலையைப் பற்றியது. டெலிவரி வானும் டாக்ஸியும் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். உடல் ஒரு யூனிட்டைக் கரைக்கத் தோராயமாக ஒரு மணி நேரம் எடுக்கும். இரவு 8 மணிக்குத் தொடங்கி அந்த 8% கேனில் நான்கு குடித்தவருக்கு 14 யூனிட். காலை 6 மணிக்குச் சாவியை எடுக்கும்போது உடம்பில் இன்னும் நான்கு யூனிட் அளவு மது இருக்கக்கூடும். கோப்பியோ குளிர்ந்த நீர்க் குளியலோ அதை வேகப்படுத்தாது. ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், இந்தக் கணக்கை நம்பி வண்டி எடுக்கவும் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மி.லி. இரத்தத்தில் 80 மி.கிராம் மது வரம்பு. ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50 மட்டுமே. வரம்பை மீறி ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 12 மாதம் வாகனம் ஓட்டத் தடை. அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். ஓட்டுநருக்கு அந்தத் தடை என்பது வேலை போவதுதான்.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாயிலிருந்து ஊற்றும் பியரை மூன்றில் ஒரு பைண்ட், அரை, மூன்றில் இரண்டு, முழு பைண்ட் என்ற அளவுகளில்தான் விற்க வேண்டும். வலுவான பியருக்கு மூன்றில் ஒன்று கேளுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். நுரைதான் அதிகமாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லலாம். இப்படியான மதுச்சாலைகளில் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்குமுன் விசாரிக்க வேண்டும். பார்லி, கோதுமை தவிர, மில்க் ஸ்டவுட்டில் பாலிலிருந்து வரும் லாக்டோஸ் இருக்கும். ஒவ்வாமை தரும் பொருள்களைச் சொல்வது விற்பவரின் சட்டக் கடமை. வாங்கிய கேன் ஊதிப் பருத்திருந்தால் திறக்காதீர்கள், வெடிக்கலாம். படம் எடுத்துப் பற்றுச்சீட்டோடு உடனே கடைக்குத் தெரிவியுங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புளிப்புக்கென்றே செய்யப்படும் சவர் பியர் புளிப்பது மட்டும் பழுதாகாது. கடை மறுத்தாலோ அளவு குறைத்தாலோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. தேவையானால் அவர்கள் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்கள்.

25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் வயதுச் சான்று கேட்பது பல கடைகளில் வழக்கம், அது அவமதிப்பல்ல. நிறத்தையோ இனத்தையோ காரணமாக்கி வாசலில் நிறுத்துவது வேறு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அது சட்டவிரோதமான பாகுபாடு, அதற்கு எதிராகச் சிவில் வழக்குப் போடலாம். நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். சிவில் நீதிமன்றத்துக்குப் போக வழக்கமாக ஆறு மாதம்தான் அவகாசம்.