மழை வந்தால் படம் ஏன் நிற்கிறது?

உங்கள் வீட்டில் கேபிள் இணைப்பை விட்டுவிட்டு, மொட்டை மாடியில் டி.டி.எச். டிஷ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் பளிச்சென்று தெரிகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஐப்பசி பிறக்கிறது. ஒரு மாலை மழை கொட்டுகிறது. கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. "கேபிளில் இந்தத் தொல்லை இல்லையே!" என்கிறார் தாத்தா. டிஷ் வாங்கச் சொன்ன நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேபிளில் வந்த படமும் பெரும்பாலும் செயற்கைக் கோளிலிருந்து வந்ததுதான். கேபிள் நிலையத்தார் பெரிய டிஷ்களில் அதைப் பிடித்து, கம்பி வழியே வீடுகளுக்கு அனுப்பினார்கள். இப்போது அந்த வேலையை உங்கள் வீட்டுச் சிறிய டிஷ் செய்கிறது. இரண்டுமே வானிலிருந்து வருகின்றன என்றால், மழை ஒன்றை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?

இந்தச் செயற்கைக் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் அவையும் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆகவே நம்மைப் பொறுத்தவரை அவை வானில் ஒரே இடத்தில் நிற்கின்றன. டிஷ்ஷை ஒருமுறை சரியான திசையில் நிறுத்திவிட்டால் போதும்.

டிஷ் என்பது பரவளைய வடிவக் கிண்ணம். தன்மேல் விழும் அலைகளை அது குவியத்தில் சேர்க்கிறது. டிஷ்ஷின் விட்டம் அலை நீளத்தைப்போல் எத்தனை மடங்கோ, அந்த அளவுக்கு அது ஒரு திசையைக் கூர்ந்து நோக்கும். அலை நீளம் குறைந்தால் சிறிய டிஷ்ஷே போதும் அல்லவா?

1975-76இல் நம் நாட்டின் 2,400 கிராமங்களில் செயற்கைக் கோள் வழியே தொலைக்காட்சி காட்டும் சோதனை நடந்தது. அதன் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலை நீளம் 35 சென்டிமீட்டர் என்று வரும். கம்பி வலையால் ஆன பத்தடி விட்டமுள்ள டிஷ்களை அங்கே நிறுவினார்கள். கேபிள் நிலையங்கள் பிடிக்கும் அலைகளின் அதிர்வெண் சுமார் 4 கிகாஹெர்ட்ஸ். அலை நீளம் 7.5 சென்டிமீட்டர். உங்கள் டிஷ் பிடிப்பது சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். அலை நீளம் 2.5 சென்டிமீட்டர்தான். 60 சென்டிமீட்டர் டிஷ் இதைப்போல் 24 மடங்கு. அதே கூர்மையை 7.5 சென்டிமீட்டர் அலையில் பெற 180 சென்டிமீட்டர் டிஷ் வேண்டும். செயற்கைக் கோளின் ஆற்றல் கூடியிருப்பதும் சிறிய டிஷ்ஷுக்கு இன்னொரு காரணம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மழைத்துளியின் குறுக்களவு சில மில்லிமீட்டர். அலை நீளம் துளியின் அளவை நெருங்க நெருங்க, துளிகள் அலையை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதன் ஆற்றலின் ஒரு பகுதியைக் கவர்ந்து வெப்பமாக்கியும் விடுகின்றன. 7.5 சென்டிமீட்டர் அலைக்கு இந்த இழப்பு மிகக் குறைவு, 2.5 சென்டிமீட்டர் அலைக்கு அதிகம். சிறிய டிஷ்ஷை நமக்குத் தந்த அதே சிற்றலைதான் மழையில் தடுமாறுகிறது.

படம் மங்காமல் திடீரென்று நிற்பானேன்? இது எண்முறை ஒளிபரப்பு. சைகையில் நேரும் பிழைகளை வீட்டிலுள்ள பெட்டி ஓரளவு வரை திருத்திக்கொள்ளும். அந்த எல்லை தாண்டியதும் திருத்த முடிவதில்லை.

கனமழையில் மட்டும் சில நிமிடங்கள் படம் நின்றால் அது இயற்கை. 90 சென்டிமீட்டர் டிஷ் 2.25 மடங்கு ஆற்றலைச் சேர்க்கும் என்பதால் தொல்லை குறையும், முற்றிலும் நீங்காது. ஆனால் சாரலுக்கே படம் நின்றால் மழையைக் குறை சொல்லாதீர்கள். டிஷ் சற்றே திரும்பியிருக்கலாம். கம்பியின் முனையில் நீர் இறங்கியிருக்கலாம். பொருத்தியவரை அழைத்துக் காட்டுங்கள்.

மழையிலும் இடி மின்னலிலும் டிஷ்ஷைத் திருப்ப மட்டும் மாடிக்கு ஓடாதீர்கள்! வழுக்கும் தரையும் மின்னலும் உயிருக்கே ஆபத்து. ஓடிப் பயனும் இல்லை. கோளாறு டிஷ்ஷில் இல்லை, இடையிலுள்ள மழையில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் நின்ற நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும், அப்போது மழையின் வலு எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். நாலைந்து மழைக்குப் பின் அந்தக் குறிப்பைத் தாத்தாவிடம் காட்டுங்கள்.