பெர்சியன் பூனையா? முதலில் மூக்கைப் பாருங்கள்

சென்னையின் செல்லப்பிராணிக் கடைகளில் பெர்சியன் குட்டிக்கு ஒரே விலை கிடையாது. டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று முகத்தை வைத்து விலை சொல்வார்கள். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு விலை ஏறும். என்னைக் கேட்டால் இறங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. முகம் சப்பையானால் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் மடங்கிப்போகிறது. கண்ணீர் வெளியே வழிந்து, கண்ணோரத்தில் துருப்பிடித்தது போல் கறை படியும். தினமும் துடைக்க வேண்டும். மூச்சுப் பாதையும் குறுகும். தூங்கும்போது குறட்டை விடுவதைப் பார்த்து "என்ன அழகு!" என்று வீடியோ எடுக்கிறோம். உண்மையில் அது மூச்சுக்குத் திணறும் சத்தம். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில், கம்பளி போர்த்திய உடம்போடு, அந்த மூக்கை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். குட்டியை நேருக்கு நேர் பிடித்து, இரண்டு கண்களின் கீழிமைகளையும் தொடும்படி ஒரு விசிட்டிங் கார்டைக் கிடையாகப் பிடியுங்கள். மூக்கு நுனியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே ஏறி நின்றால், எவ்வளவு கெஞ்சும் பார்வை பார்த்தாலும் அந்தக் குட்டி வேண்டாம்.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது சிறுநீரகம். இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டிகள் பிறவியிலேயே இருக்கும். பசி குறைந்து, உடம்பு மெலிந்து, நோய் வெளியே தெரிவதற்குள் பெரும்பாலும் ஏழு வயது ஆகிவிடும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2004-ல் கண்டுபிடித்தார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தே பரிசோதித்துவிடலாம். எக்ஸாட்டிக், ஹிமாலயன் போன்ற பெர்சியன் ரத்தம் கலந்த இனங்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது "ஒரிஜினல் பெர்சியனா?" என்றல்ல, தாய் தகப்பனின் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். தாய்ப்பூனையையும் காட்டச் சொல்லுங்கள். வம்சாவளிப் பத்திரம் பாட்டன் பூட்டன் பேரைச் சொல்லும். சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பன்னிரண்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தருகிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மிச்சம் இருப்பது முடி. எஃகுச் சீப்பால் தினம் சீவ வேண்டும். நான்கு நாள் விட்டால் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழுந்து, தோலை இழுத்து வலிக்கும். பிறகு மருத்துவரிடம் கொண்டுபோய் மழிக்க வேண்டியதுதான். தினம் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாதென்றால், மாடிப்படிக்கடியில் கத்திக்கொண்டிருக்கும் நாட்டுப்பூனைக் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்.