மணிப் பின்னல் கயிறும் நமது கடைச் சரக்கும்

தாம்பரம் மார்க்கெட் பகுதியில் மணி, நூல், குஞ்சலம், வளையல் ஆகியவற்றை மொத்தமாக விற்று வருகிறோம். குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பகுதிகளின் ஃபேன்சி ஸ்டோர்கள் நம்மிடம்தான் சரக்கு எடுக்கின்றன. அண்மைக் காலமாக அந்தக் கடைகளில் பெண்கள் "குமிஹிமோ தட்டு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர்களில் பலர் சாப்பிடும் தட்டு என்று நினைத்து இல்லையென்று அனுப்பிவிடுகிறார்கள்.

குமிஹிமோ என்பது ஜப்பானியக் கயிறு பின்னும் கலை. 'ஹிமோ' என்றால் கயிறு. சாமுராய் வீரர்களின் கவசத் தகடுகளைக் கோர்க்கவும், வாள்களில் கட்டவும் இக்கயிறு பயன்பட்டது. 1876ல் அந்நாட்டு அரசு பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை போட்டதும், பின்னுகிறவர்கள் பெண்களின் கிமோனோ இடைக்கச்சைக்குக் கட்டும் கயிறு பக்கம் திரும்பினார்கள். ஒரு வாடிக்கை போனால் இன்னொன்றைத் தேடுவது எல்லா ஊர் வியாபாரத்திலும் உள்ளதுதானே. 2016ல் வந்த 'கிமி நோ நா வா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் கதாநாயகியின் குடும்பமே இந்தக் கயிறு பின்னும். நம் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

செய்முறை நமது குஞ்சலப் பின்னலைவிடக் கடினம் இல்லை. வட்டமான ஃபோம் தட்டு, நடுவில் ஓட்டை, விளிம்பில் 32 வெட்டு. எட்டு நூலை ஒன்றாக முடிந்து ஓட்டையில் இறக்கி, மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் இரண்டிரண்டாக மாட்ட வேண்டும். மேலே வலப்புற நூலைக் கீழ் ஜோடிக்கு வலப்பக்கம் இறக்கு; கீழே இடப்புற நூலை மேல் ஜோடிக்கு இடப்பக்கம் ஏற்று; தட்டைக் கால்வட்டம் திருப்பு. அவ்வளவுதான், திருப்பும் திசை மட்டும் மாறக்கூடாது. அடுப்பில் பால் பொங்குகிறதென்று நடுவில் எழுந்தால், ஒரு பக்கம் மூன்று நூல் நிற்கும்படி விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் எங்கே விட்டோம் என்று தெரியாது.

மணிகளை முதலிலேயே எட்டு நூலிலும் சம எண்ணிக்கையில் கோர்த்துக்கொள்கிறார்கள். எட்டாம் நம்பர் மணியில் ஒரு கைச்சங்கிலிக்கு நூலுக்குச் சுமார் 40 மணி பிடிக்கும். நூலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மணியைத் தள்ளி, குறுக்கே ஓடும் நூலுக்கு அடியில் ஒடுக்கி வைக்க வேண்டும். ஒன்று மேலே ஏறிவிட்டால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும், பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். இரு முனையிலும் அரை அங்குலம் மணியில்லாமல் பின்னி, பசை தடவி மூடியில் செருகினால் முடிந்தது.

இங்கே கடைக்காரர்கள் செய்யும் தவறு, எட்டாம் நம்பர் மணியோடு இரண்டு மில்லிமீட்டர் சாட்டின் கயிற்றைக் கொடுத்தனுப்புவது. அது மணி ஓட்டையில் நுழையாது. மெல்லிய நைலான் நூல்தான் கொடுக்க வேண்டும். மணியின் நம்பர் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பதையும் கடைப்பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி நமது தவறைச் சொல்கிறோம். பாரிமுனையில் ஒரு வியாபாரியிடம் பன்னிரண்டு கிலோ சிவப்பு மணி மலிவாக வந்தது. சோதிக்காமல் வாங்கி ஒன்பது கடைகளுக்குக் கொடுத்துவிட்டோம். சேலையூரில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பின்னும் ஓர் அம்மா, கல்யாணத் தாம்பூலப் பைக்கு அறுபது கைச்சங்கிலி ஆர்டர் பிடித்திருந்தார். சித்திரை வெயிலில் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறார். மறுநாள் நம் கடைக்கு வந்து கையை நீட்டினார். மணிக்கட்டைச் சுற்றிக் குங்குமம் கரைந்தது போலிருந்தது.

"அண்ணாச்சி, இதை நான் எப்படிக் கொடுப்பேன்? பட்டுப்புடவையில் பட்டால் என்னை விடுவார்களா?"

அப்போது முடிந்திருந்தவை நாற்பத்திரண்டு. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். புது மணியும் நூலும் இலவசமாகக் கொடுத்தோம். பின்னுகூலியில் பாதி தருகிறோம் என்றோம். "முழுசாக் கொடுங்க, அந்த நாலு பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும்" என்றார். கொடுத்தோம். ஒன்பது கடைகளிலிருந்தும் சரக்கைத் திரும்ப எடுத்தோம். ஏழு கடைகளில் மீந்தது வந்தது; இரண்டு கடையில் விற்றே தீர்ந்திருந்தது. அது யார் கையில் இருக்கிறதோ என்ற உறுத்தல் இன்றும் உண்டு.

நிறக் கண்ணாடியையே உருக்கிச் செய்த மணி சாயம் விடாது. திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்யும் மணிகளுக்கு நிறம் உள்ளேயே இருக்கும். அரிக்கமேட்டில் கிடைத்த பழைய மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவையே. வெள்ளைக் கண்ணாடிக்கு மேலே சாயம் ஏற்றியதுதான் ஆபத்து. இப்போது எந்தச் சரக்கானாலும் பத்து மணியை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைக்கிறோம். இன்னும் பத்தை ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் மாடி வெயிலில் போடுகிறோம். பஞ்சோ துணியோ நிறம் மாறினால் மூட்டையை அவிழ்ப்பதில்லை, திருப்பி அனுப்புகிறோம். பாரிமுனையில் இதற்காக நம்மிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அறுபதும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை போய்ச் சேர்ந்தன. அந்தச் சிவப்பு மணி மூட்டை நம் கிடங்கில் இன்னும் கிடக்கிறது. பொம்மை செய்கிறவர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளாயிற்றே என்று கொடுக்கவில்லை.