தாய்க்கோழியின் மூன்று மாதங்கள்

கார்வேட்டிநகரம், புத்தூர், நாராயணவனம் வட்டாரத்து மாந்தோப்புக் கிராமங்களில் நாட்டுக்கோழி என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிருப்பு. மாங்காய் விற்ற பணம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். கோழி விற்ற பணமோ பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துச் செலவுக்கும் அவ்வப்போது கைகொடுக்கும். அண்மைக் காலமாக ஐம்பது முட்டை, நூறு முட்டை கொள்ளும் சிறிய இன்குபேட்டர்கள் எளிதில் கிடைப்பதால், ஒன்றை வாங்கினால் இந்த வருமானம் பெருகுமா என்று பலரும் எண்ணுகிறார்கள். பெருகும். ஆனால் அந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

குஞ்சு பொரிப்பதில் அடைக்கோழியை வெல்லும் எந்திரம் இல்லை. வெப்பம், ஈரம், முட்டையைப் புரட்டுதல் ஆகிய மூன்றையும் அது தானே பார்த்துக்கொள்கிறது. இடி இடித்தால் முட்டை கெடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டு வைப்பது நம்முடைய சேர்க்கை. கோழிக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து முட்டைகளை இட்டதும் கோழி அடைக்கு அமர்கிறது. அடையில் 21 நாள். பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதில் இரண்டு மாதம். இந்த மூன்று மாதங்களில் அது முட்டையிடுவதில்லை. அதனால்தான் ஒரு நாட்டுக்கோழி ஆண்டில் மூன்று நான்கு பருவங்களுக்கு மேல் முட்டையிட முடியாமல், ஐம்பது அறுபது முட்டைகளோடு நின்றுவிடுகிறது. இன்குபேட்டர் மீட்டுத் தருவது இந்த மூன்று மாதங்களைத்தான்.

எந்திரத்தின் அமைப்பு எளியது. தெர்மாகோல் பெட்டி, சூடேற்ற ஒரு பல்பு, வெப்பத்தைப் பரப்ப விசிறி, கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட், ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர். விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். எகிப்தில் பழங்காலம் முதல் செங்கல் சூளை போன்ற கூடங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தவர்கள், முட்டையைக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். அந்தத் தேர்ச்சி நமக்கு இல்லாததால் பெட்டிக்குள் தனியாக ஒரு வெப்பமானியையும் வைத்துக்கொள்வது நல்லது. மலிவான தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. முதல் 18 நாள் காற்றில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். கடைசி மூன்று நாள் அதை 65க்கு மேல் உயர்த்தி, முட்டையைப் புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதுவரை நாளொன்றுக்கு மூன்று முறையாவது புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் பகுதியின் உண்மையான சோதனை கோடைக்காலம். இந்தப் பெட்டிகளில் சூடேற்ற வழி உண்டே தவிர, குளிர்விக்க வழி இல்லை. சித்தூர், திருப்பதிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, பல்பு அணைந்திருந்தாலும் ஓட்டு வீட்டின் உள்ளே பெட்டி தானாகவே சூடேறுகிறது. குளிரைச் சற்று நேரம் தாங்கும் கரு மிகுவெப்பத்தைத் தாங்காது. அடைக்கோழியே தினமும் தீனிக்காகச் சிறிது நேரம் எழுந்து போகிறது அல்லவா! ஆகவே மின்சாரம் ஓரிரு மணி நேரம் நின்றால் பதற வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்காமல், மேலே கம்பளியைப் போர்த்திவிட்டால் போதும். நெடுநேரம் நின்றால் வெந்நீர் நிரப்பிய புட்டிகளை உள்ளே வைக்கலாம். ஒரு பெரிய பல்புக்குப் பதிலாக இரண்டு சிறிய பல்புகள் இருந்தால், ஒன்று இரவில் பழுதானாலும் மற்றொன்று காக்கும்.

அடை வைக்கும் முன்பே கோடை முட்டையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. சேர்த்து வைத்த முட்டை வெப்பமான அறையில் இருந்தால், கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும். அதைத்தான் கூமுட்டை என்று கோழியின் மீது பழி போட்டு எறிகிறோம். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழிருக்கும்படி முட்டைகளை வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைக்கு எடுத்துவிட வேண்டும். கழுவக் கூடாது. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவலாவது வேண்டும். சேவலே இல்லாத பண்ணைகளிலிருந்து வரும் கடை முட்டையைப் பொரிக்க வைத்துப் பயனில்லை.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கின் மேல் முட்டையைப் பிடித்தால், சிலந்தி வலை போல இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றும் தெரியாதவற்றை நீக்கிவிடலாம். ஓட்டில் மூக்கால் துளையிட்ட குஞ்சு முழுதும் வெளியே வர ஒரு நாள் ஆனாலும் ஆகும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து இறந்துவிடும். பிறந்த குஞ்சின் வயிற்றுக்குள் ஈர்க்கப்பட்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு உணவாவதால், உடனே தீனி வைக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அதன் பிறகு. இன்குபேட்டர் கோழியின் 21 நாள் வேலையை மட்டுமே செய்கிறது; மீதி இரண்டு மாதத் தாய்மை வீட்டாரின் பொறுப்பு. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி குறைத்து வரலாம். பூனை, கீரி, பருந்து ஆகியவற்றிலிருந்து காப்பும் வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய பகை வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். வந்தால் மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியுமே காப்பு. அந்தத் தடுப்பு மருந்துக் குப்பிகள் நூறு கோழிக்கு, அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கு என்ற அளவில் வருகின்றன. கலக்கியபின் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழிக்காக யாரும் ஒரு குப்பியை உடைப்பதில்லை. ஒரே நாளில் ஐம்பது குஞ்சுகள் பொரியும் வீட்டில் அது கட்டுபடியாகிறது. இன்குபேட்டரின் இரண்டாவது ஆதாயமாக இதையே சொல்லலாம். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட கோழிகளை வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, இரு வழிகளைச் சேர்த்த கலப்பு. அதன் முட்டைகளை வீட்டில் பொரித்தால் வரும் தலைமுறை தாயைப் போல இருக்காது. வீட்டு இன்குபேட்டர் நாட்டு இனத்துக்கே உரியது.

பணக் கணக்கில், பொரிந்த குஞ்சுகளை வரவாக எழுதுவது பொதுவான பழக்கம். எடுத்துக்காட்டாக, நூறு முட்டையில் 85 கருக்கூடி, அவற்றில் ஐந்தில் நான்கு பொரிந்தால் 68 குஞ்சுகள். வரவில் எழுத வேண்டியது எட்டாம் வாரத்தில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையை. கடனை நாடுவோருக்கு, விவசாயக் கடன் அட்டைத் திட்டம் 2019 முதல் கால்நடை, கோழி வளர்ப்புக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. அது தீவனம், மருத்துவம், மின்கட்டணம் போன்ற நடைமுறைச் செலவுக்கானது. எந்திரம் வாங்குவது தனிக் கடன். தேசிய கால்நடை இயக்கத்தின் 50 சதவீத மானியமோ ஆயிரம் தாய்ப்பறவைகள் அளவிலான பண்ணைக்கு உரியது. ஐம்பது முட்டைப் பெட்டிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஆடி. வெயில் தணிந்திருக்கும். ஜூலைக் கடைசியில் அடை வைத்தால் ஆகஸ்ட் நடுவில் குஞ்சு வரும். நாட்டுச் சேவல் விற்கும் எடைக்கு வர ஐந்து மாதமாகும். கனுமுப் பண்டிகைக்குச் சேவல் தேடி வருபவர்கள் ஜனவரி நடுவில் வாசலில் நிற்பார்கள்.