கணினி விளையாட்டொன்றைச் செயற்றிட்டமாக ஆக்குதல்

மாணவர்களே, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற்குச் செயற்றிட்டம் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு ஆசிரியர் கூறியதும் உங்களிற் பலரின் நினைவுக்கு முதலில் வருவது கணினி விளையாட்டே. நல்ல தெரிவுதான். ஆனால் கைப்பேசியில் தாம் விளையாடும் பெரிய விளையாட்டொன்றைப் போலவே செய்யத் தொடங்குபவர்கள், தவணை முடிவில் வண்ணமயமான முகப்புத் திரையொன்றை மட்டுமே கையளிக்க நேர்கிறது. அதற்குப் புள்ளி கிடைப்பது கடினம்.

விளையாட்டை வடிவமைத்தல் என்பது அதன் விதிகளைத் தீர்மானித்தல் ஆகும். விளையாடுபவர் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது, எப்போது வெல்வார், எப்போது தோற்பார் என்பனவே அவ்விதிகள். படம், ஒலி, செய்நிரல் என்பன அதன் பின்னரே வரும். கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். நிலத்திற் கீறிய கோடுகளைத் தவிர வேறு உபகரணம் எதுவும் அதற்குத் தேவையில்லை. மறிப்பவர்கள் தத்தம் கோட்டில் மட்டுமே ஓடலாம்; கிளிக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓட அனுமதி உண்டு. அந்த ஓர் அனுமதியை நீக்கிவிட்டால் உள்ளே இறங்குபவர் இலகுவாகத் தப்பிவிடுவார். விளையாட்டுச் சுவையற்றுப் போகும்.

ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள டிஜிபென் தொழினுட்ப நிறுவகத்தில் விளையாட்டு ஆக்கம் ஒரு பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கு பயின்ற மாணவர் குழுவொன்று 2005ஆம் ஆண்டில் ‘நார்பாக்குலர் டிரொப்’ என்னும் விளையாட்டைத் தமது செயற்றிட்டமாக ஆக்கியது. அதில் வரும் இளவரசியாற் குதிக்க முடியாது. சுவர்களில் இரண்டு வாயில்களைத் திறந்து, ஒன்றினுள் நுழைந்து மற்றையதனூடாக வெளியேறுவதே அவள் தப்பும் வழி. குதித்தலை அனுமதித்திருந்தால் பல தடைகளை வாயில்கள் இன்றியே தாண்டிவிடலாம் அல்லவா? ஒரு செயலைத் தடுத்ததனால் மற்றொரு செயல் முக்கியத்துவம் பெற்றது. இதனைக் கண்ட வால்வ் நிறுவனம் அம்மாணவர்களை வேலைக்கு அமர்த்தியது. அவர்களது எண்ணக்கருவிலிருந்து 2007இல் ‘போர்ட்டல்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டு உருவானது.

வசதிக் குறைவும் இத்துறையில் பெரிய தடையன்று. 1980களின் நடுப்பகுதியில் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை ஆக்கிய கணினியிற் படங்களைக் காட்டும் வசதியே இருக்கவில்லை. அடைப்புக்குறிகளைக் கொண்டே அவர் கட்டைகளைக் காட்டினார்.

இனி நீங்கள் செய்யக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். 1 முதல் 100 வரையான எண்ணொன்றைக் கணினி இரகசியமாக வைத்திருக்கும். விளையாடுபவர் ஊகித்த எண்ணை உள்ளீடு செய்ய, ‘கூட’, ‘குறைய’ அல்லது ‘சரி’ என்பது வருவிளைவாகத் திரையில் தோன்றும். மாறிகள் மூன்று போதும்: இரகசிய எண், ஊகம், முயற்சிகளின் எண்ணிக்கை. தெரிவும் மீள்செயலும் இதில் இயல்பாகவே வந்துவிடுவதனால் பரீட்சையில் வரும் பாய்ச்சற் கோட்டுப்பட வினாக்களுக்கும் இது பயிற்சியாக அமையும்.

இங்கு வடிவமைப்பாளராக நீங்கள் தீர்மானிக்க வேண்டியது, எத்தனை முயற்சிகளை வழங்குவது என்பதாகும். இதனைக் குருட்டாம்போக்கிற் தீர்மானிக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் எஞ்சிய வீச்சின் நடு எண்ணைக் கூறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரகசிய எண் 42 எனின் அவர் 50, 25, 37, 43, 40, 41, 42 என ஏழாவது முயற்சியிற் கண்டுபிடிப்பார். ஒவ்வொரு விடையும் எஞ்சியவற்றை ஏறத்தாழப் பாதியாக்குகின்றது. 7 முயற்சிகளால் 127 எண்கள் வரை நிச்சயமாகக் கண்டுபிடிக்கலாம். 6 முயற்சிகளால் 63 மட்டுமே. ஆகவே 7 வழங்கினால் முறையாகச் சிந்திப்பவர் எப்போதும் வெல்வார். 6 வழங்கினால் அவருக்கும் சிறிது அதிட்டம் வேண்டும். 20 வழங்கினால் சிந்திக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். எனது விருப்பம் 7; திறமைக்குப் பரிசும் கவனயீனத்துக்குத் தண்டனையும் அதில் உண்டு. நீங்கள் வேறு எண்ணைத் தெரிந்தால் அதற்குரிய காரணத்தை அறிக்கையில் எழுதுங்கள்.

பாஸ்கல் மொழியிற் செய்பவர்கள் கவனிக்க: ரண்டம் என்னும் சார்புக்கு 100ஐக் கொடுத்தால் 0 முதல் 99 வரையான எண்களே கிடைக்கும், எனவே 1ஐக் கூட்டுதல் வேண்டும். தொடக்கத்தில் ரண்டமைஸ் கட்டளையை இடாவிடின் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதே எண்களே வரும். இரண்டாம் நாள் உங்கள் நண்பர் முதல் ஊகத்திலேயே வென்றுவிடுவார். ஸ்கிராட்ச் மென்பொருளில் இச்சிக்கல்கள் இல்லை. இரு எல்லை எண்களும் உள்ளடங்கும்.

பரிசோதித்தலைப் பலர் கடைசி நாளுக்கு விட்டுவிடுகின்றனர். இது பெரும் இழப்பாகும். 1, 100 ஆகிய எல்லைப் பெறுமானங்களையும், 0, 101 ஆகிய செல்லுபடியற்ற பெறுமானங்களையும் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பதிலாக எழுத்தொன்றை உள்ளீடு செய்தால் பாஸ்கல் செய்நிரல் இடையில் நின்றுவிடக்கூடும். 101ஐ உள்ளிட்டவரின் முயற்சி ஒன்றைக் குறைப்பதா, விடுவதா? இதுவும் ஒரு விதியே. முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வழுநீக்கலின் பின்னர், விளையாட்டை அறியாத ஒருவரை அழைத்து விளையாட விடுங்கள். அருகில் இருந்து எதையும் விளக்க வேண்டாம். அவர் எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்து அறிவுறுத்தலைத் திருத்துங்கள். முன்னர் எப்படி இருந்தது, ஏன் மாற்றினீர்கள் என்னும் குறிப்புகளே அறிக்கையின் சிறந்த பகுதியாக அமையும்.

பிறர் ஆக்கிய செய்நிரலைப் பெயர் மாற்றிக் கொடுப்பது எளிது. ஆயினும் ‘முயற்சிகளை ஐந்தாக மாற்றிக் காட்டுங்கள்’ என ஆசிரியர் கேட்டால் எந்த வரியைத் தொடுவது என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும். எடுத்துப் பயன்படுத்திய படம், ஒலி ஆகியவற்றின் மூலத்தையும் உரிமையாளரையும் அறிக்கையிற் குறிப்பிடுதல் அவசியம்.

பயிற்சி: மேற்கூறிய விளையாட்டின் வீச்சை 1 முதல் 1000 வரை எனக் கொள்க. முறையாக விளையாடுபவர் எப்போதும் வெல்வதற்கு ஆகக் குறைந்தது எத்தனை முயற்சிகள் வழங்கப்பட வேண்டும்? விடைக்கான காரணத்தைத் தந்து, விளையாட்டுக்கான பாய்ச்சற் கோட்டுப்படத்தை வரைக.