மாடிப்படியில் ஒரு நர்த்தனம்

ஷர்லி டெம்பிளின் பெயரை அறியாத ஸினிமா ரஸிகர்கள் ஒரு காலத்தில் வெகு சிலரே. 1937-ல் "பாலயோகினி"யில் தோன்றிய பேபி சரோஜாவை நம்மவர் "இந்தியாவின் ஷர்லி டெம்பிள்" என்றே கொண்டாடினர் என்றால் வேறு சான்று எதற்கு? அந்த அமெரிக்கச் சிறுமி ஆறு வயதில் நடித்து, 1935-ல் வெளிவந்த "தி லிட்டில் கர்னல்", அதாவது "குட்டிக் கர்னல்", என்ற படத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கதை பழைய கதைதான். உள்நாட்டு யுத்தத்தில் தென்னவர் பக்கம் நின்று தோற்ற கர்னல் லாயிட், கென்டக்கியில் ஒரு பெரிய மாளிகையில் வசிக்கிறார். மூக்கின் மேல் கோபம். மகள் வடக்கத்தியான் ஒருவனை மணந்தாள் என்பதற்காக அவளைத் தலைமுழுகி விடுகிறார். சில வருஷங்கள் கழித்து அவள் தன் பெண் குழந்தையுடன் அருகிலேயே குடிவருகிறாள். தாத்தாவின் கோபம் பேத்திக்கும் அப்படியே வாய்த்திருக்கிறது! இருவரும் சண்டையிடுவதும், பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்துவதும் நல்ல ஹாஸ்யம். தாத்தாவாக வரும் லயனல் பாரிமோர் முகத்தைச் சுளிக்கும் விதம் ஒன்றே போதும். பிறகு வருகிற வஞ்சகர்களையும், பத்திரத்தையும், நள்ளிரவு ஓட்டத்தையும் நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் படத்தின் நடுவே ஒரு மாடிப்படி இருக்கிறது. குழந்தை தூங்கப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். வீட்டு வேலைக்காரர் வாக்கர், மாடியேறுவதற்குப் புது வழி ஒன்று காட்டுவதாகச் சொல்லி, படிகளில் ஆடிக்கொண்டே ஏறுகிறார், இறங்குகிறார். வாக்கராக நடித்தவர் பில் ராபின்ஸன். 1878-ல் பிறந்த அந்தக் கறுப்பர் இன நர்த்தகருக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. இந்தப் படிக்கட்டு நடனம் நாடக மேடைகளில் அவருக்குப் பெரும் புகழ் தந்த சொந்தச் சொத்து. உடல் நிமிர்ந்தே நிற்கிறது, முன்னங்கால்கள்தாம் பேசுகின்றன. கண்ணை மூடிக் கேட்டால் யாரோ தேர்ந்த வித்துவான் ஜதி சொல்வது போலிருக்கும். சிறுமியின் கால்களுக்கு அத்தனை வேகம் வராதல்லவா? அதற்காகப் படியின் செங்குத்துப் பலகையைக் கால்விரலால் தட்டி ஒலி எழுப்பும் எளிய முறையை அவர் கற்றுக்கொடுத்தார். இறுதியில் இருவரும் கைகோத்து ஏறுகிறார்கள்.

அந்தக் கைகள் கோத்ததுதான் விஷயம். தென் மாகாணங்களில் இப்படத்தைக் காட்டியபோது அந்தப் பகுதியை வெட்டினார்கள். படம் எடுத்த கலிபோர்னியாவிலேயே வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தடுத்த சட்டம் 1948 வரை உயிரோடிருந்தது. 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹாலிவுட் ஒழுக்க விதிகளும் அத்தகைய காதலைத் திரையில் காட்டலாகாது என்றன. கறுப்பர் ஒருவர் வெள்ளைப் பெண்ணோடு சரிசமமாய் ஆட வேண்டுமானால், அவள் ஆறு வயதுக் குழந்தையாகவும், அவர் வேலைக்காரராகவும் இருந்தே தீர வேண்டும்! அந்த இடுக்கு வழியே நுழைந்துதான் இந்த நர்த்தனம் வெளிவந்தது.

படத்தில் எல்லாம் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிமை முறை 1865-ல் ஒழிந்த பின் நடக்கும் கதை இது. ஆயினும் இதில் வரும் கறுப்பர்கள் எஜமானர்களுக்குச் சேவகம் செய்வதே பேரின்பம் என்பது போல் சிரிக்கிறார்கள். நமக்கு அது கசக்கிறது. வேலைக்காரியாக வரும் ஹாட்டி மக்டேனியல், 1940-ல் "கான் வித் தி விண்ட்" படத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்ற இரவில்கூட, சக நடிகர்களிடமிருந்து பிரித்துப் போடப்பட்ட மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ராபின்ஸனும் ஷர்லியும் பின்னர் இன்னும் மூன்று படங்களில் சேர்ந்து தோன்றினார்கள். "பில்லி மாமா" என்றே அவள் அவரை அழைத்தாள். பெரும் பொருள் ஈட்டிய அவர் 1949-ல் வறியவராகக் காலமானார். பின்னாளில் ராஜதந்திரியான ஷர்லி, 1974-ல் ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகச் சென்றார், 2014-ல் மறைந்தார்.

படத்தின் கடைசிச் சில நிமிஷங்கள் மட்டும் வர்ணத்தில் எடுக்கப்பட்டவை. எங்கும் ரோஜா நிறமாய் ஒரு விருந்து நடக்கிறது. குழந்தைகளுக்கு அது பிடிக்கும். பெரியவர்கள் படிக்கட்டுக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்.